எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ஒரு வறுவல்

(கற்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சு சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றியது. அதை எண்ணெயில் பொரிக்காமல், சூட்டில் சுட்டு, விரல் வறுவலாகச் செய்வது எப்படி என்பதைப் பற்றியது.

"கிழங்கு சுடுவதற்கு ஒரு பேச்சா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பது நல்லதுதான். ஆனால் இந்தக் கிழங்குக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வீட்டுப் பணம். இரண்டு, பிள்ளையின் கண் பார்வை. மூன்று, படித்த எழுத்தை வீட்டில் பயன்படுத்துவது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே கிழங்கு, பல பெயர்

இந்தக் கிழங்கு இந்தியா முழுவதும் கிடைக்கிறது. இந்தி பேசுவோர் இதைச் சக்கர்கந்த் என்கிறார்கள். வங்காளத்தில் ராங்கா ஆலு. ராங்கா என்றால் சிவப்பு. மராட்டியில் ரதாளே. கன்னடத்தில் கெணசு. தெலுங்கில் சிலகட தும்ப. மலையாளத்தில் மதுரக்கிழங்கு. தமிழில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சுருக்கமாக வள்ளிக்கிழங்கு என்றும் சொல்வார்கள்.

இதன் சொந்த ஊர் இந்தியா அல்ல. கடல் கடந்த அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசிய வணிகர்கள் இதை இங்கே கொண்டு வந்தார்கள் என்று கருதுகிறார்கள். வந்த கிழங்கு இங்கேயே வேர் பிடித்துவிட்டது. இன்று ஒடிசா மாநிலத்தில்தான் இது மிக அதிகமாக விளைகிறது. உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய இடங்களிலும் நிறைய விளைகிறது. கர்நாடகத்தில் பெலகாவி வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது.

பெயரில் கிழங்கு என்று இருந்தாலும், இது உருளைக்கிழங்குக்கு உறவு இல்லை. உருளைக்கிழங்கு கத்தரி, தக்காளி குடும்பம். சர்க்கரைவள்ளி வேறு குடும்பம். குளக்கரையில் படரும் வள்ளைக்கீரைதான் இதற்கு நெருங்கிய சொந்தம். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளி மண்ணுக்குள் பருத்த வேர். இந்த வேறுபாடு சமையலிலும் தெரியும். அதைப் பிறகு பார்க்கலாம்.

பஞ்ச காலத்துச் சாப்பாடா?

மணல் கலந்த மண்ணிலும் இது வரும். மழையை மட்டும் நம்பியும் வரும். விதை வாங்க வேண்டாம். கொடித் துண்டை வெட்டி நட்டால் போதும். மூன்றரை, நான்கு மாதத்தில் கிழங்கு தயார். கொடி மாட்டுக்குத் தீவனம். இளம் இலை மனிதருக்குக் கீரை.

கையில் காசு இல்லாதவரும் இதைப் பயிரிட முடிந்தது. அரிசி இல்லாத நாளில் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்கு. அதனாலேயே இதற்கு ஒரு கெட்ட பெயரும் வந்தது. "இது ஏழைச் சாப்பாடு. பஞ்ச காலத்துச் சாப்பாடு" என்று ஒதுக்கினார்கள். விருந்தாளி வந்தால் கிழங்குச் சட்டியை மறைத்து வைத்த வீடுகள் உண்டு. கையில் நாலு காசு வந்ததும் பலர் முதலில் விட்டது கிழங்கைத்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. டெல்லியில் குளிர்காலம் வந்தால் தெருவோரத் தள்ளுவண்டிகளில் கரி அடுப்பு மின்னும். அதில் கிழங்கைச் சுடுவார்கள். தோலை உரித்து, துண்டு போட்டு, கறுப்பு உப்பும் மசாலாவும் தூவி, எலுமிச்சை பிழிந்து இலைத் தொன்னையில் தருவார்கள். அலுவலகம் போகிறவரும் வாங்குவார். கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்குவார். மகாராஷ்டிரத்தில் சிவராத்திரி, ஏகாதசி விரத நாட்களில் இது மரியாதையான உணவு. வங்காளத்தில் பௌஷ மாதச் சங்கராந்தி சமயத்தில் இதைக் கொண்டு பீட்டே என்னும் இனிப்புப் பலகாரம் செய்வார்கள்.

கிழங்கு எல்லா இடத்திலும் அதே கிழங்குதான். பார்க்கிற கண்தான் வேறு.

பாக்கெட்டைப் படியுங்கள்

இப்போது பணக் கணக்கு. ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை தெரு முனைக் கடையில் நிற்கிறது. கடையில் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பளபளப்பான தாள். உள்ளே சிப்ஸ்.

"அம்மா, பத்து ரூபாய் கொடு."

"வீட்டில் கிழங்கு வேகவைத்திருக்கிறேனே."

"கிழங்கா? எனக்கு வேண்டாம். எல்லாரும் சிப்ஸ் தின்கிறார்கள்."

அம்மா பத்து ரூபாய் கொடுக்கிறாள். இது பெரிய தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளையின் அழுகையை எந்தத் தாய்தான் பொறுப்பாள்? ஆனால் அந்தப் பாக்கெட்டை ஒரு முறை திருப்பிப் பார்க்கட்டும். பின்பக்கம் சின்ன எழுத்தில் நிறைய எழுதியிருக்கும். படிக்கக் கற்றவர்களுக்கு அது ஒரு பாடப் புத்தகம்.

முதலில் 'நிகர எடை' என்ற இடத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பண்டத்தின் எடை அது. பாக்கெட் உப்பிப் பெரிதாக இருக்கும். சிப்ஸ் நொறுங்காமலும் கெடாமலும் இருக்க உள்ளே நைட்ரஜன் வாயுவை நிரப்பியிருப்பார்கள். அதனால் பாக்கெட்டின் அளவைப் பார்க்காதீர்கள். எடையைப் பாருங்கள்.

10 ரூபாய்ப் பாக்கெட்டில் 20 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 100 கிராம் 50 ரூபாய். ஒரு கிலோ 500 ரூபாய். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது ஒரு கிலோ சர்க்கரைவள்ளி என்ன விலை என்று கேளுங்கள். இரண்டு விலையையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சுடும்போது நீர் வற்றும். தோலும் போகும். ஆகவே ஒரு கிலோ கிழங்கில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் வறுவல் கிடைக்கும். எண்ணெயும் எரிவாயும் செலவாகும். அதையும் கூட்டுங்கள். கூட்டிய பிறகும் எது மலிவு என்று உங்கள் நோட்டே சொல்லும்.

அடுத்து 'கொழுப்பு' என்ற இடத்தைப் பாருங்கள். 100 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸில் பொதுவாக 30 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். பிறகு 'சோடியம்' என்ற இடத்தைப் பாருங்கள். சோடியம் என்பது உப்பில் உள்ள பொருள். பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவுதான். குழம்பிலும் ஊறுகாயிலும் சேரும் உப்பும் அதற்குள் அடக்கம்.

கடையில் சுடச்சுடப் பொரித்து விற்கும் பிங்கர் சிப்ஸிலும் ஒரு கவலை உண்டு. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அந்த எண்ணெய் கெட்டுவிடும். பொரித்த எண்ணெய் எந்த அளவு கெட்டால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி வைத்திருக்கிறது. அந்த விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் தெருமுனைச் சட்டியில் காய்வது எத்தனையாவது நாள் எண்ணெய் என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் செய்தால் அந்தச் சந்தேகம் இல்லை.

நிறம் சொல்லும் செய்தி

இப்போது கண்ணைப் பற்றி.

சில பிள்ளைகள் பகலில் நன்றாக ஓடி ஆடுவார்கள். பொழுது சாய்ந்ததும் தடுமாறுவார்கள். எதிரே இருக்கும் சொம்பு தெரியாது. வாசற்படி தெரியாது. இது மாலைக்கண். வைட்டமின் ஏ சத்துக் குறைவுதான் இதற்கு முக்கியக் காரணம். கவனிக்காமல் விட்டால் கண் வறண்டு, புண்ணாகி, பார்வையே போகலாம். இந்தச் சத்துக் குறைந்த பிள்ளைகளை வயிற்றுப்போக்கும் அம்மையும் கடுமையாகத் தாக்கும்.

இதைத் தடுக்க இந்திய அரசு 1970ஆம் ஆண்டே ஒரு திட்டம் தொடங்கியது. குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்தை வாயில் ஊற்றும் திட்டம் அது. இப்போது குழந்தைக்கு 9 மாதம் ஆனதும் முதல் தவணை தருகிறார்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 5 வயது வரை. மொத்தம் 9 தவணை. இதை ஒரு தவணையும் விடக் கூடாது. மாலைக்கண் இருப்பது போல் தெரிந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கிழங்கு மருந்துக்கு மாற்று அல்ல.

ஆனால் மருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. சாப்பாடு தினமும். அந்தச் சாப்பாட்டில் இந்தச் சத்து இருந்தால் நல்லதுதானே?

இங்கேதான் கிழங்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளித் தோலின் நிறம் அல்ல. உள்ளே வெட்டினால் தெரியும் சதையின் நிறம். பல சந்தைகளில் கிடைக்கும் கிழங்கு வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. அது வயிற்றை நிரப்பும். நார்ச்சத்தும் தரும். ஆனால் அதில் வைட்டமின் ஏ தரும் பொருள் மிகக் குறைவு. உள்ளே ஆரஞ்சு நிறமாக உள்ள கிழங்கில் அது நிறைய உண்டு. கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள்தான். அதன் பெயர் பீட்டா கரோட்டின். உடலுக்குள் போய் அது வைட்டமின் ஏ ஆக மாறும்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் என்ற இடத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963இல் தொடங்கியது. ஒடிசாவில் புவனேசுவரத்தில் அதன் கிளை இருக்கிறது. அந்த நிலையம் உருவாக்கிய ஒரு ரகத்தின் பெயர் பூ சோனா. 2017இல் வெளியிட்டார்கள். பூ என்றால் பூமி. சோனா என்றால் தங்கம். பூமிக்குள் விளையும் தங்கம் என்று பொருள். அதன் 100 கிராம் கிழங்கில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. வழக்கமான ரகங்களில் 2 முதல் 3 மில்லிகிராம்தான். பூ கிருஷ்ணா என்ற இன்னொரு ரகமும் உண்டு. அது உள்ளே நாவல் பழம் போல ஊதா நிறம். அதில் இருப்பது வேறு ஒரு நல்ல சத்து. வைட்டமின் ஏ வேண்டுமானால் ஆரஞ்சு நிறத்தைத்தான் தேட வேண்டும்.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா முதலிய நாடுகளில் ஆரஞ்சு நிறக் கிழங்கைக் கிராமம் கிராமமாகப் பரப்பினார்கள். அந்த வேலைக்காக மரியா அந்த்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பயிர்களில் சத்தைக் கூட்டும் வேலைக்காக ஹோவர்த் பூயிஸ் என்பவருக்கும் அதே பரிசில் பங்கு கிடைத்தது. ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிய கிழங்குக்கு உலகப் பரிசு!

கிழங்கு வாங்கும் முறை

கிழங்கு கையில் கனமாக, கெட்டியாக இருக்க வேண்டும். நடுத்தர அளவு நல்லது. மிகப் பெரிய கிழங்கில் நார் இருக்கும்.

சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் வாங்காதீர்கள். அது கூன்வண்டு துளைத்த ஓட்டை. வண்டு துளைத்த கிழங்கு கசக்கும். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த கிழங்கும் கசக்கும். அந்தக் கசப்பு கெடுதலானது. வேகவைத்தாலும் சுட்டாலும் அது போகாது. "கொஞ்சம்தானே" என்று ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். கசக்கும் கிழங்கை மாட்டுக்கும் போட வேண்டாம். மாட்டுக்கும் அது ஆகாது.

முளை விட்ட கிழங்கு பரவாயில்லை. முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம். முளைத்த உருளைக்கிழங்குதான் ஆகாது.

பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அதிகக் குளிரில் நடுப்பகுதி கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. காற்று வரும் இடத்தில் கூடையில் வைத்தால் போதும்.

செய்முறை

நாலு பேருக்குத் தேவையானவை இவை:

கிழங்கு அரைக் கிலோ.
எண்ணெய் 2 தேக்கரண்டி.
அரிசி மாவு 2 தேக்கரண்டி.
மிளகுத்தூள் அல்லது மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி.
சீரகத்தூள் சிறிது.
உப்பு கால் தேக்கரண்டி.
எலுமிச்சை அரை மூடி.

முதல் வேலை: கிழங்கை மண் போக நன்றாகக் கழுவுங்கள். தோல் மெல்லியதாக இருந்தால் அப்படியே விடலாம். தோலில் நார்ச்சத்து உண்டு. தடித்திருந்தால் சீவிவிடுங்கள்.

இரண்டாம் வேலை: சுண்டுவிரல் கனத்தில் நீளமாக வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒன்று மெல்லியது, ஒன்று தடிமன் என்று இருந்தால் மெல்லியது கருகும், தடித்தது வேகாது.

மூன்றாம் வேலை: துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் பால் போல் கலங்கும். அது வெட்டிய இடத்திலிருந்து வரும் மாவு. அந்த மாவு போனால் துண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

நான்காம் வேலை: தண்ணீரை வடித்து, சுத்தமான துணியில் பரப்பி, ஈரம் போகத் துடையுங்கள். இதுதான் மிக முக்கியமான வேலை. ஈரம் இருந்தால் அது ஆவியாகும். ஆவியில் கிழங்கு வெந்து குழையும். வறுபடாது.

ஐந்தாம் வேலை: துண்டுகளில் அரிசி மாவைத் தூவிப் புரட்டுங்கள். பிறகு எண்ணெய் விட்டு, மிளகுத்தூள், சீரகத்தூள் சேர்த்துக் கையால் பிசறுங்கள். எல்லாத் துண்டிலும் மெல்லிசாக எண்ணெய் பட வேண்டும். உப்பை இப்போது போடாதீர்கள். உப்பு கிழங்கிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். வறுவல் தொளதொளத்துப் போகும். உப்பு கடைசியில்.

"எண்ணெயே வேண்டாமே" என்று சிலர் கேட்கலாம். இரண்டு தேக்கரண்டி வேண்டும். ஆரஞ்சு நிறக் கிழங்கில் உள்ள பீட்டா கரோட்டின் கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

அடுப்பில் வைக்கும் முறை

மின்சார அடுப்பு அறை, அதாவது ஓவன், உள்ள வீடுகளில்: முதலில் 220 டிகிரி சூடாக்குங்கள். துண்டுகளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றை ஒன்று தொடாமல் இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஆவி போக வழி இல்லை. 15 நிமிடம் கழித்துத் திருப்பிப் போடுங்கள். இன்னும் 10 நிமிடம். ஏர் பிரையர் இருந்தால் 200 டிகிரியில் 15 நிமிடம் போதும். நடுவில் ஒரு முறை குலுக்கிவிடுங்கள்.

ஓவன் இல்லாத வீடுகள்தான் அதிகம். அவர்களுக்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, உப்புச் சட்டி. அடி கனமான பழைய பாத்திரம் ஒன்றை எடுங்கள். அதன் அடியில் கல் உப்பையோ சுத்தமான காய்ந்த மணலையோ ஒரு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு வளையம் அல்லது சின்னத் தாங்கி வையுங்கள். மூடி போட்டு மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்றுங்கள். துண்டுகளை அலுமினியத் தட்டில் பரப்பி, இடுக்கியால் பிடித்து உள்ளே வைத்து மூடுங்கள். 20 நிமிடம் கழித்துத் திருப்புங்கள். பிறகு மூடியைச் சற்றுத் திறந்த மாதிரி வைத்து இன்னும் 15 நிமிடம் விடுங்கள். அந்த இடைவெளி வழியாக ஆவி வெளியே போகும். அந்த உப்பையும் மணலையும் எடுத்து வைத்தால் மறுபடி பயன்படும். பிரஷர் குக்கரையும் ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாத கடும் சூட்டில் அவை கெட்டுப்போகும்.

இரண்டாம் வழி, தோசைக்கல். கல்லைக் காயவைத்துத் தீயைக் குறையுங்கள். துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி மூடுங்கள். ஆறு ஏழு நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, திருப்பித் திருப்பி இன்னும் எட்டு நிமிடம் வறுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

விறகு அடுப்பு உள்ளவர்கள் முழுக் கிழங்கைத் தணலில் புதைத்துச் சுடலாம். இது எல்லாவற்றிலும் பழைய முறை. அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். தோலை உரித்து, துண்டு போட்டு, உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் டெல்லித் தள்ளுவண்டிச் சுவை வீட்டிலேயே கிடைக்கும்.

எந்த முறையானாலும் பொன் நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கறுக்க விடாதீர்கள். மாவுள்ள கிழங்கு கடும் சூட்டில் கருகும்போது அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள் உண்டாகும். உணவில் இது இருப்பதை 2002இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள். கருகிய நுனியைக் கிள்ளி எறியுங்கள். தண்ணீரில் ஊறவைப்பதால் இந்தப் பொருளும் குறைகிறது.

எடுத்ததும் உப்பைத் தூவி, எலுமிச்சை பிழிந்து, சூடாக இருக்கும்போதே பரிமாறுங்கள். ஆறினால் துவண்டுவிடும்.

ஏன் உருளைக்கிழங்கு போல வரவில்லை?

முதல் முறை செய்பவர்கள் இப்படிக் கேட்பார்கள். பாக்கெட் சிப்ஸ் போல நொறுங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும். உள்ளே மெத்தென்று இருக்கும். அதுதான் சரியான பதம்.

காரணம் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரைவள்ளியில் இயல்பாகவே இனிப்பு உண்டு. அதோடு அதில் ஒரு நொதியும் இருக்கிறது. கிழங்கு சூடாகும்போது அந்த நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. 60 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை சூடு இருக்கும்போது இந்த வேலை நன்றாக நடக்கும். முழுக் கிழங்கைத் தணலில் மெதுவாகச் சுட்டால் அது அந்தச் சூட்டில் நெடுநேரம் இருக்கிறது. அதனால்தான் தேன் போல் இனிக்கிறது. மெல்லிய துண்டு சீக்கிரம் சூடாவதால் அவ்வளவு இனிக்காது. சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவக்கும். ஆகவே பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசப் போனால் கரிதான் மிஞ்சும்.

யாருக்கு எவ்வளவு?

நல்ல உணவும் அளவோடுதான் நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். சுட்ட கிழங்கு இரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். வேகவைத்த கிழங்கு அதைவிட மெதுவாக ஏற்றும். ஆகவே அவர்களுக்குச் சுட்டதைவிட வேகவைத்தது மேல். அதையும் சோற்றோடு கூடுதலாகச் சாப்பிடக் கூடாது. சோற்றைக் குறைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்.

கிழங்கில் புரதம் மிகக் குறைவு. ஆகவே வெறும் கிழங்கை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துச் சாப்பாட்டை முடித்துவிடக் கூடாது. கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ, தயிரோ, முட்டையோ, பருப்போ இருக்கட்டும். பல் முளைக்காத குழந்தைக்கு வறுவல் வேண்டாம். வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் சூடான பண்டம் முதலில் ஆண்களுக்குப் போகும். பிறகு பையனுக்கு. பிறகு பெண்ணுக்கு. கடைசியில் தட்டை வழித்துச் சாப்பிடுபவள் அம்மா. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இந்தச் சத்துகள் அதிகம் தேவை. ஆகவே நாலு பேருக்குச் செய்தால் நாலு பங்காக வைத்துவிடுங்கள். கணக்குக் கற்றது இதற்கும்தான்.

கடைசியாகச் சில சொற்கள்

பிள்ளை பாக்கெட் கேட்பது ருசிக்காக மட்டும் அல்ல. அதன் பளபளப்புக்காக. பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருக்கிறதே என்பதற்காக. வேகவைத்த கிழங்கைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளை, அதே கிழங்கு விரல் விரலாக, சூடாக, மிளகு வாசத்தோடு வந்தால் கை நீட்டும். வாரத்தில் ஒரு நாள் செய்து பாருங்கள். பிள்ளையையே எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். தான் கை வைத்த பண்டத்தைப் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

ஆரஞ்சு நிறக் கிழங்கு உங்கள் சந்தையில் இல்லாமல் இருக்கலாம். கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் கொண்டு வருவார். கொல்லையில் இடம் உள்ளவர்கள் வேளாண் அறிவியல் மையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்துக் கொடித் துண்டு கேளுங்கள். மனுவை அடுத்தவரிடம் எழுதி வாங்க வேண்டாம். இப்போது நீங்களே எழுதலாம்.

கிழங்கு எளியது. ஆனால் அதைத் தின்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு கிலோ 500 ரூபாய்க்கு உப்பும் எண்ணெயும் வாங்குவதைப் பற்றித்தான் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.



பேசிப் பாருங்கள், செய்து பாருங்கள்

1. வீட்டுக்கு வரும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் நிகர எடையும் விலையும் பாருங்கள். ஒரு கிலோ என்ன விலை ஆகிறது?

2. உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன நிறக் கிழங்கு கிடைக்கிறது? ஒன்றை வெட்டி உள்ளே பாருங்கள்.

3. உப்பை ஏன் கடைசியில் போட வேண்டும்?

4. உங்கள் தெருவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? எல்லாருக்கும் வைட்டமின் ஏ தவணை கிடைத்ததா? அட்டையைப் படித்துச் சொல்லுங்கள்.

5. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? ஏன்?